வெளிமாநிலப் பழைய வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓசூர்க்காரன். எங்கள் தெருவில் நிற்கும் கார்களை எண்ணினால் பாதிக்குப் பாதி கே.ஏ. (கர்நாடக) நம்பராக இருக்கும். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். பழைய வண்டிச் சந்தை அங்கே பெரிது, பேரம் பேசினால் விலையும் இறங்கும். நானும் 2013 மாடல் வேகன் ஆர் ஒன்றை அங்கிருந்து வாங்கி ஓசூர் எண்ணான டி.என். 70-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களின் மச்சான்மார்கள் என்று யாராவது ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நான் ஏஜென்ட் இல்லை, வக்கீலும் இல்லை. சொந்த உபயோகத்துக்கான கார், பைக் பற்றி மட்டுமே இதில் இருக்கிறது. டாக்ஸி, லாரி, வேன் என்றால் பெர்மிட், எஃப்.சி. என்று அது தனிக் கதை.

"கே.ஏ. நம்பரோட தமிழ்நாட்டுல ஓட்டலாமா? போலீஸ் பிடிச்சா என்ன சொல்றது?"

ஓட்டலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆவது பிரிவுப்படி, எந்த மாநிலத்தில் பதிந்த வண்டியின் பதிவும் இந்தியா முழுக்கச் செல்லும். வேறு மாநில எழுத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் அபராதம் போட முடியாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ எடுத்துக் காட்டினாலும் செல்லும்.

அடுத்த பிரிவு 47. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது அது. அந்த 12 மாதம் முடிந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

"பன்னிரண்டு மாசம் டைம் இருக்குல்ல? மெதுவா மாத்திக்கிறேனே?"

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அந்த 12 மாதக் கெடு எண்ணை மாற்றுவதற்கு மட்டும். வேலை மாறி, தன் சொந்தக் காரோடு ஊர் மாறி வந்தவருக்கு அது பொருந்தும்.

நீங்கள் வண்டியை விலைக்கு வாங்கியவர். 50-ஆவது பிரிவுப்படி, வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். விற்றவரும் தன் பக்கம் தெரிவிக்க வேண்டும்: அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள், வெளிமாநிலத்துக்கு என்றால் 45 நாள். உங்கள் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருக்கும்போது கர்நாடக அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்ற வழியில்லை. ஆக பெயர் மாற்றம், முகவரி மாற்றம், புது எண் மூன்றும் தமிழ்நாட்டில் ஒரே மூச்சில் நடக்க வேண்டியவை. உங்களுக்கு ஓடுவது 30 நாள் கடிகாரம்.

"மாசம் ஒருதரம் பெங்களூரு போய் டோல் ரசீது வாங்கி வச்சுக்கிட்டா போதும்னு சொல்றாங்களே?"

வண்டி 12 மாதம் தொடர்ந்து இங்கே நிற்கவில்லை என்று காட்ட, எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி டோல் ரசீதைக் கட்டுக் கட்டாக டேஷ்போர்டில் திணித்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறவருக்குக்கூட, வண்டி ராத்திரி நிற்கும் இடம் ஓசூர்தானே? சட்டம் பேசுவது வண்டியை எங்கே ‘வைத்திருக்கிறீர்கள்’ என்பதை. ரசீதைக் காட்டி வழியில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் ஒருநாள் தப்பிக்கலாம். பெயர் மாறாமல் இருக்கும் சிக்கலுக்கு அது மருந்தே இல்லை; ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"வண்டியைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி போன்லயே என்னென்ன பாக்கலாம்?"

மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி எண்ணைப் போடுங்கள். பதிவு தேதி, பதிவு முடியும் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எது வரைக்கும், கடன் இருக்கிறதா, எந்த பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்., அதாவது புகை அளவுத் தரம்) எல்லாம் வரும். ‘முதல் ஓனர்’ என்று விளம்பரம் செய்த வண்டி அங்கே மூன்றாவது ஓனராக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாக்லிஸ்ட் என்று காட்டினால், காரணம் தெரியும்வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தரவேண்டாம்.

இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். பெங்களூரு வண்டிகளில் சிக்னல் கேமரா அபராதம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும், ஓனருக்கே தெரிந்திருக்காது. திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எஞ்சின் எண், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. பத்து நிமிட வேலை.

"என்.ஓ.சி. என்.ஓ.சி.ன்னு சொல்றீங்க, பேங்க்ல குடுத்த என்.ஓ.சி. இருக்கே, அது போதாதா?"

போதாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. பேங்க் தருவது ‘எங்கள் கடன் அடைந்துவிட்டது’ என்ற கடிதம். அதையும் படிவம் 35-ஐயும் கொடுத்தால்தான் ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி. பதிவு (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) நீங்கும். லோன் முடிந்து நாலு வருஷம் ஆகியும் ஹெச்.பி.யை எடுக்காமலே விட்டிருப்பவர்கள் ஏராளம்.

நமக்கு வேண்டியது ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. ‘இந்த வண்டியை வேறு மாநிலத்தில் பதிவதற்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று பழைய அலுவலகம் சொல்வது. சட்டத்தில் 48-ஆவது பிரிவு, விண்ணப்பம் படிவம் 28. ஹெச்.பி.யை நீக்கிய பிறகு இதற்குப் போவதுதான் நல்லது. வரிசை மாறினால் வேலை இழுக்கும்.

"அந்த என்.ஓ.சி.யை யார் வாங்கணும்? நானா, வித்தவரா?"

விற்றவர். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் வரும். பரிவாகன் தளத்தில் படிவம் 28-ஐ நிரப்பும்போது வண்டி எந்த மாநிலத்துக்கு, எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று குறிப்பிட வேண்டும். ஓசூர் என்றால் டி.என். 70. இதைச் சரியாகச் சொல்லிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு, அவருக்குத் தெரியாது.

படிவத்தோடு சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். வண்டியில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் காகிதத்தில் ஏறும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். சில வண்டிகளில் பானெட்டைத் திறந்தாலே எண் தெரியும், சிலவற்றில் முன் சீட்டுக்கு அடியில் மிதியடியைத் தூக்கினால்தான் தெரியும். பழைய வண்டி என்றால் முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ தின்னரோ தொட்டுத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் மேல் தேய்த்தால் 8, 3, 6 மூன்றும் ஒன்றுபோல் விழும்.

என்.ஓ.சி. தருவதற்கு முன், அந்த வண்டி மேல் திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் அறிக்கை பெற வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பித்து 30 நாளுக்குள் கொடுப்பதாகவோ மறுப்பதாகவோ சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாமல் ‘கொடுத்ததாகக் கருதுகிறேன்’ என்று இங்கே வந்து நின்றால் எந்த கவுண்ட்டரிலும் வேலை நடக்காது. அந்த வரியை, அங்கே தாமதித்தால் எழுதிக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

"அப்போ பணத்தை எப்போ கொடுக்கிறது?"

சட்டத்தில் இதற்கு விடை கிடையாது, என் அபிப்பிராயம்தான். பேசின விலையில் ஒரு பகுதியை என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு என்று நிறுத்தி வையுங்கள். முழுப் பணமும் கைக்குப் போனபின் விற்றவருக்கு இந்த வண்டியில் எந்த அக்கறையும் மிச்சமிருக்காது. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபீஸ் வேலை, பெண்ணின் பரீட்சை, ஊரில் விசேஷம் என்று ஓ.டி.பி. கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வரும்.

நான் இருபதாயிரம் நிறுத்தி வைத்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் நான் ஒருமுறைகூட நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை, அவரே அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தார். ‘என்.ஓ.சி. வரும்வரை வண்டியையும் நீங்களே வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தகராறுக்கே இடமில்லை.

"பேர் மாறாம இருந்தா அவருக்குத்தானே ஆபத்து? எனக்கென்ன?"

அவருக்குப் பெரிய ஆபத்து என்பது உண்மை. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: வண்டி கைமாறி, அதற்குப் பின் இன்னும் சிலர் கைக்கும் போயிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. விற்றவர் தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள். மறுநாளே படிவம் 28 தயாராகிவிடும்.

உங்களுக்கும் இழப்பு இருக்கிறது. வண்டி திருடுபோனாலோ இடித்து நசுங்கினாலோ கிளெய்ம் கேட்கும் உரிமை பெயர் இருப்பவருக்கு. நாளைக்கு நீங்கள் விற்க நினைத்தாலும் அவர் கையெழுத்து வேண்டும். அவர் அமெரிக்கா போய்விட்டால்? இறந்துவிட்டால்? ஆறு வருஷம் ஓட்டிய வண்டிக்கு வாரிசுகளைத் தேடிக்கொண்டு மைசூருக்கு அலைந்த ஒருவர் எங்கள் அபார்ட்மென்டிலேயே இருக்கிறார்.

"என்.ஓ.சி. வந்தாச்சு. இனி இங்க என்ன வரிசை?"

பரிவாகன் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து வெளிமாநில வண்டிக்கான விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். புது எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். 29 என்பது விற்றவர் தரும் அறிவிப்பு, 30-இல் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அசல் ஆர்.சி., என்.ஓ.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் கார்டு, முதன்முதலில் வண்டி வாங்கியபோது தந்த இன்வாய்ஸின் நகல் எல்லாம் வேண்டும். இந்தக் கடைசித் தாளை விற்றவரிடம் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். வரிக் கணக்கு அதை வைத்துத்தான்.

அப்புறம் வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். சேஸிஸ் எண், எஞ்சின் எண், நிறம், சீட் எண்ணிக்கை, விளக்குகள் எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வெள்ளை என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டியைச் சிவப்பாக அடித்து வைத்திருந்தால் அங்கேயே நிற்கும். கியாஸ் கிட் போட்டிருந்து ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தாலும் அப்படியே. அவர் ஒப்புதல் தந்ததும் வரி கட்டி, எண் ஒதுக்கி, புது ஆர்.சி. தபாலில் வரும்.

"ரோடு டாக்ஸ் அங்க லைஃப்டைமுக்குக் கட்டியாச்சே! மறுபடி எதுக்குக் கட்டணும்?"

எல்லோரும் கோபமாகவே கேட்கும் கேள்வி. பதிவு என்பது நாடு முழுக்க ஒன்று, வரி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வாகன வரி மாநிலப் பட்டியலில், 57-ஆவது இனமாக இருக்கிறது. கர்நாடகத்தின் லைஃப்டைம் கர்நாடகத்தோடு முடிந்தது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி ஏறியது. புதுக் கார் என்றால் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பைக்குக்கு ஒரு லட்சம் வரை 10, மேலே போனால் 12. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து இந்தச் சதவீதம் குறைந்துகொண்டே வரும். ஆனால் கவனிக்க வேண்டியது, சதவீதம் எதன் மேல் என்பது. நீங்கள் கொடுத்த விலை மேல் கிடையாது, வண்டி புதிதாக விற்ற விலை மேல். நாலரை லட்சத்துக்கு விற்ற காரை நீங்கள் ஒன்றே முக்காலுக்கு வாங்கியிருந்தாலும் கணக்கு நாலரைக்குத்தான். பேரம் பேசுவதற்கு முன்பே இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு விலையில் கூட்டிப் பாருங்கள். பல ‘லாபமான’ வண்டிகள் அந்தக் கூட்டலிலேயே உள்ளூர் விலைக்கு வந்துவிடும்.

"சரி, அங்க கட்டின டாக்ஸ் திரும்ப வருமா?"

மீதிக் காலத்துக்கு உரிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். கர்நாடகத்திலும் அதற்கு வழி இருக்கிறது. இங்கே புது எண் வாங்கிய பிறகு, புது ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், பழைய வரி ரசீதோடு அந்த அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் யாருக்கு என்பதைப் பேரத்தின்போதே எழுதிக்கொள்ளுங்கள். கட்டியவர் அவர், நஷ்டப்படுபவர் நீங்கள், பின்னால் மனஸ்தாபம் வரும். மூன்று, நாலு வயது வண்டி என்றால் தொகை கணிசமாக இருக்கும், அலையலாம். பத்து வயது தாண்டிய வண்டிக்கு நான் போகமாட்டேன். என் வேகன் ஆருக்கும் போகவில்லை.

"பி.எஸ்.-4 வண்டியை இனி பதிய முடியாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே?"

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 வண்டிகளை விற்கவோ பதியவோ கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது புது வண்டிகளைப் பற்றி. அந்தத் தேதிக்கு முன் முறையாகப் பதிந்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை மாநிலம் மாற்றுவதற்கு அது தடை இல்லை. ஆர்.சி.யில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள், போதும்.

"டெல்லி வண்டி பாதி விலைக்கு வருதுண்ணா, எடுக்கலாமா?"

அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் பத்து வருஷம் தாண்டிய டீசல், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றமும் செயல்படுத்தச் சொன்னது. 2025-இல் விஷயம் மறுபடி நீதிமன்றம் போய்ப் புது உத்தரவுகள் வந்தன. இந்தப் பயத்தில் ஒன்பது வயது டீசல் கார்கள் அங்கே சல்லிசாகக் கிடைக்கும். அதே கார் இங்கே இன்னும் பல வருஷம் ஓடலாம் என்பது உண்மைதான்.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, பரிவாகனில் பதிவு ‘ஆக்டிவ்’ என்று இருக்க வேண்டும். வயது முடிந்து பதிவு நீக்கப்பட்ட வண்டி என்றால், ‘என்.ஓ.சி. எடுத்துத் தருவோம்’ என்ற வாய் வார்த்தையை நம்பவேண்டாம், என்.ஓ.சி.யைக் கண்ணால் பார்த்த பிறகு பேசுங்கள். இரண்டு, மேலே சொன்ன வரி. நாற்பது லட்சத்துக்கு விற்ற சொகுசுக் கார் எட்டு லட்சத்துக்கு வருகிறது என்று குதிப்பீர்கள். வரி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் நாலு லட்சம் ஆயிற்று. டிரெய்லரில் ஏற்றி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவரும் வாடகை வேறு. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் திரும்ப டெல்லிக்கு யார் போவது? பெங்களூரு என்றால் காலையில் பஸ் ஏறி மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

"ஆர்.சி.யோட பதினஞ்சு வருஷம் முடிய நாலு மாசம்தான் இருக்கு. ரெனியூவலை அங்க பண்றதா, இங்கயா?"

என்.ஓ.சி.யை ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட்டு, புதுப்பிப்பதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஓசூருக்குக் கொண்டுவந்துவிட்ட வண்டியை, கெடு முடிந்த ஆர்.சி.யோடு திரும்ப ஓட்டிக்கொண்டு போவது பதியாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம். முதல் தடவை பிடிபட்டாலே ஐயாயிரம் வரை அபராதம் உண்டு.

புதுப்பிக்கப் படிவம் 25, முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம், ஐந்து வருஷத்துக்குக் கிடைக்கும். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், பைக்குக்கு 1,000. இருபது வருஷமும் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டிலிருந்து கார் 10,000, பைக் 2,000. தாமதித்தால் காருக்கு மாதம் 500, பைக்குக்கு 300 ஏறும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

"கேரளால ஒரு ஆர்.எக்ஸ். 100 பாத்தேன். நம்பரைப் போட்டா ஆன்லைன்ல ஒண்ணுமே காட்டலை. ஃபிராடா?"

அப்படியே முடிவு கட்டவேண்டாம். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1985-இல் தொடங்கி 1996-இல் நின்றது. அந்தக் கால ஆர்.சி.க்கள் எல்லாம் கையால் எழுதிய பேரேட்டில் இருந்தவை. கணினிக்கு மாறியபோது ஏற்றப்படாமல் விட்டுப்போன வண்டிகள் பல. பழைய ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புக்கைக் காட்டி, பேரேட்டோடு ஒப்பிட்டு, கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். இதற்கு ‘பேக்லாக் என்ட்ரி’ என்று பெயர். அது நடக்காமல் என்.ஓ.சி. கிடையாது, அதை ஓனர்தான் செய்ய முடியும். அதை முடித்துக் கொடுத்தால் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த பைக்குகளில் இன்னொரு வம்பு, எஞ்சின். முப்பது வருஷத்தில் எத்தனை பேர் எத்தனை எஞ்சினை மாற்றினார்களோ. பொறித்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் வேறாக இருந்தால், மாற்றிய எஞ்சின் ஆர்.சி.யில் முறையாக ஏறியிருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்துப் புதிதாகக் குத்தியிருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.

"ஓனர் இறந்துட்டார், பையன்தான் விக்கிறார். நேரா எனக்கு மாத்த முடியாதா?"

முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு வரவேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் அவர் ஊரில் நடக்க வேண்டியவை. அதன் பிறகே என்.ஓ.சி. நீங்கள் இரண்டு படியைக் காத்திருக்க வேண்டும். பணத்தையும் அதற்கேற்ப நிறுத்துங்கள்.

"கன்சல்டிங்ல வாங்கினேன். ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் குடுத்துட்டாங்க, தேதி மட்டும் போடலை. ஓகேவா?"

தேதியில்லாத 29, 30 கைமாறிக் கைமாறி வருவது நம் ஊர் வழக்கம்தான். கன்சல்டிங்காரர், அதாவது பழைய வண்டி வியாபாரி, தன் பெயரில் ஒரு முறை மாற்றாமல், நேராக அடுத்த பார்ட்டிக்குத் தள்ளிவிடுவார். வெளிமாநில வண்டிக்கு இது அரைக் கிணறு தாண்டுவது போல. மேலே சொன்னபடி என்.ஓ.சி.க்கு ஓனரின் ஓ.டி.பி. வேண்டும், வெறும் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஓனர் படிவம் 29சி-யில் தெரிவித்துவிட்டால், அதன்பின் வியாபாரியே ஓனராகக் கருதப்பட்டு என்.ஓ.சி.க்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ‘அந்த அங்கீகாரம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். சிரித்தாரென்றால் இல்லை என்று பொருள்.

"பாண்டில நண்பர் வீடு இருக்கு. அங்க பதிஞ்சா டாக்ஸ் கம்மின்னு…"

நீங்கள் அங்கே குடியிருந்தால் பதியுங்கள். குடியிருக்காத பாண்டி முகவரியில் பதிந்த சொகுசுக் கார்கள் மேல் 2017-இல் கேரளத்தில் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். மிச்சம் பிடித்ததைவிட அலைச்சல் அதிகம்.

"இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் தானா மாறிடுமா?"

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வண்டியோடு உங்களுக்கு வந்துவிட்டதாகச் சட்டம் கருதும். 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் வேண்டுமென்றால் பாலிசி உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. அவருடைய 50 சதவீதத் தள்ளுபடி அவரோடு போய்விடும், வித்தியாசத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். புது எண் வந்ததும் மறுபடி ஒருமுறை பாலிசியில் எண்ணை மாற்றுங்கள்.

ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடிவிட வேண்டும். மறந்தால் உங்கள் கிருஷ்ணகிரிப் பயணம் அவர் கணக்கில் கழியும். இரண்டாவது முறை கழிந்தால் அவரிடமிருந்து போன் வரும்.

"ஓசூருக்குன்னு என்.ஓ.சி. வாங்கிட்டேன். இப்போ கோயம்புத்தூருக்கு மாத்திட்டாங்க. என்ன பண்றது?"

என்.ஓ.சி. கொடுத்த அலுவலகத்திலேயே அதை ரத்து செய்து, புது ஊரைக் குறிப்பிட்டு மறுபடி வாங்கலாம். பரிவாகனில் ரத்து செய்ய வசதி இருக்கிறது. ஆனால் அதற்கும் விற்றவர் ஒத்துழைக்க வேண்டும். அவர் முகம் சுளித்தால், ஓசூர் முகவரிச் சான்று இன்னும் கையில் இருக்கும்போதே இங்கே முதலில் பதிந்துவிட்டு, தமிழ்நாட்டுக்குள் முகவரி மாற்றிக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குள் மாறினால் புது எண் வேண்டாம், டி.என். 70-ஓடு கோவையில் ஓட்டலாம்.

"எல்லாம் கொடுத்தும் சேஸிஸ் நம்பர் பொருந்தலைன்னு திருப்பிட்டாங்க. வண்டி ஒரிஜினல்தான், எனக்கு நல்லா தெரியும்!"

எனக்கும் இதேதான் நடந்தது. ஆய்வாளர் பென்சில் பிரிண்ட்டையும் என்.ஓ.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தாளை என் பக்கம் திருப்பி விரல் வைத்தார். வண்டியில் பூஜ்யம் இருந்த இடத்தில் தாளில் ஆங்கில ‘ஓ’ எழுத்து. பத்து வருஷத்துக்கு முன் யாரோ தட்டச்சு செய்தபோது விழுந்தது, அது வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை.

பதினேழு எழுத்துள்ள சேஸிஸ் எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்துகளும் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் உலகம் முழுக்கவே அவற்றை விட்டுவிட்டார்கள். ஆர்.சி.யில் அவற்றில் ஒன்று தெரிந்தால் அது தட்டச்சுப் பிழை. இதைத் திருத்த முதலில் பதிந்த அலுவலகத்தால்தான் முடியும்; நான் விற்றவரோடு மறுபடி பெங்களூரு போய், திருத்தி, புது என்.ஓ.சி. வாங்கி வர மூன்று வாரம் ஆயிற்று. நல்லவேளை, முதல் என்.ஓ.சி. வந்த பிறகும் இருபதாயிரத்தை நான் கொடுத்திருக்கவில்லை. இப்போது யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பேன், கூட வந்தவர் வண்டியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ சொல்ல வேண்டும்.